வரிசைகள் கூடும், குறையும்: ஜாவா வெப் படிவங்களில் மாறும் புலங்கள்

ஒரு பயிற்சி முகாமுக்கான பதிவுப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். அதில் பெயர், வயது, தங்குமிடம் வேண்டுமா என்று கேட்கும் ஒரு செக்பாக்ஸ், இவ்வளவுதான். ஸ்பிரிங் போன்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில் இதை எழுதுவது சுலபம். மூன்று புலங்கள் கொண்ட ஒரு கிளாஸ் போதும். படிவம் வந்து சேர்ந்ததும் ஃபிரேம்வொர்க்கே அந்தக் கிளாஸில் ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கி, மதிப்புகளை நிரப்பி, உங்கள் கையில் கொடுத்துவிடும்.

அப்புறம் தேவை மாறுகிறது. ஒருவரே தன் குழுவில் உள்ள எல்லோரையும் ஒரே படிவத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறார்கள். 'இன்னொருவரைச் சேர்' என்று ஒரு பட்டன் வருகிறது. அதை அழுத்த அழுத்த வரிசைகள் கூடுகின்றன. ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் 'நீக்கு' இருக்கிறது. நிரல் எழுதும் நேரத்தில் எத்தனை புலங்கள் வரும் என்று உங்களுக்குத் தெரியாது. புதிதாக ஜாவா வெப் பக்கம் வருபவர்கள் பலரும் முதலில் திணறும் இடம் இது. திணறலுக்குக் காரணம் பெரும்பாலும் ஃபிரேம்வொர்க் கிடையாது. பிரவுசர் சர்வருக்கு உண்மையில் எதை அனுப்புகிறது என்பது மனதில் தெளிவாக இல்லாததுதான். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

கம்பியில் போவது என்ன

திரையில் நீங்கள் பார்க்கும் கட்டங்கள், வரிசைகள், தலைப்புகள் எதுவும் சர்வருக்குப் போவதில்லை. போவது பெயரும் மதிப்பும் சேர்ந்த சோடிகள் மட்டும்தான். எல்லாமே எழுத்துச் சரங்கள். வயது 31 என்பதும் '3', '1' என்ற இரண்டு எழுத்துகளாகத்தான் போகிறது. எந்த வரிசையில் எந்தக் கட்டம் இருந்தது என்பதைப் பெயர் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை.

எவை போகும், எவை போகாது என்பதற்கு ஹெச்டிஎம்எல் சில விதிகளை வைத்திருக்கிறது. நேம் என்ற பண்பு இல்லாத புலம் போகாது. டிசேபிள் செய்த புலமும் போகாது. ஆனால் ரீட்ஒன்லி என்று குறித்த புலம் போகும். சிஎஸ்எஸ் கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் மறைத்த புலமும் போகும். டிக் செய்யாத செக்பாக்ஸ் போகவே போகாது: 'இல்லை' என்ற மதிப்பு போவதில்லை, அப்படி ஒரு புலம் இருந்த சுவடே இருக்காது. பல சப்மிட் பட்டன்கள் இருந்தால், அழுத்திய பட்டனின் பெயர் மட்டும் போகும். இந்த விதிகளில் பெரும்பாலானவை கீழே எங்காவது வேலைக்கு வரும்.

ஆக, மாறும் புலங்களைக் கையாள்வது என்றால், வரிசைக்கு வரிசை சரியான பெயர் வைப்பது என்று பொருள். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைப்பவை.

ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப வைத்தால்

முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி இது. எல்லா வரிசைகளிலும் பெயர்க் கட்டத்துக்கு 'பெயர்' என்றே வைப்பது, வயதுக் கட்டத்துக்கு 'வயது' என்றே வைப்பது. ஹெச்டிஎம்எல் இதை அனுமதிக்கிறது. (இந்தக் கட்டுரையில் புலப் பெயர்களைத் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் நிரலில் எந்த எழுத்தில் வைத்தாலும் விதி ஒன்றுதான்.)

ஜாவா வெப்பின் அடித்தளமான சர்வ்லெட் ஏபிஐயில் கெட்பராமீட்டர் என்ற மெத்தடைக் கூப்பிட்டால் முதல் மதிப்பு மட்டும் கிடைக்கும். 'மூன்று பேரைப் பதிவு செய்தேன், ஒருவர் மட்டும் சேமிக்கப்பட்டிருக்கிறார்' என்ற புகாருக்கு அடிக்கடி இதுதான் காரணம். எல்லா மதிப்புகளும் வேண்டுமென்றால் கெட்பராமீட்டர்வேல்யூஸ் என்பதைக் கூப்பிட வேண்டும். அது ஓர் அர்ரே தரும். பெயர்களுக்கு ஓர் அர்ரே, வயதுகளுக்கு ஓர் அர்ரே. முதல் பெயரை முதல் வயதோடும், இரண்டாவதை இரண்டாவதோடும் சேர்த்துவிட்டால் முடிந்தது என்று தோன்றும்.

எழுத்துக் கட்டங்கள் மட்டும் இருக்கும்வரை இது ஓடும், ஏனென்றால் காலியாக விட்ட கட்டமும் காலிச் சரமாகப் போய்விடும். செக்பாக்ஸ் வந்தால் உடைந்துவிடும். கயல், மாறன், நிலா என்று மூன்று பேர். கயலுக்குத் தங்குமிடம் வேண்டாம், மற்ற இருவருக்கும் வேண்டும். பெயர் அர்ரேயில் மூன்று மதிப்புகள் இருக்கும். தங்குமிடம் அர்ரேயில் இரண்டுதான் இருக்கும், கயலின் செக்பாக்ஸ் போகவில்லை அல்லவா? வரிசை எண் பார்த்துச் சேர்த்தால் கயலுக்கும் மாறனுக்கும் தங்குமிடம் ஒதுக்கப்படும், நிலாவுக்குக் கிடையாது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. தகவல் சத்தமில்லாமல் ஆள் மாறிப் போகும். பிழை காட்டி நின்றுவிடும் நிரலைவிட இப்படித் தப்பாகச் சேமிக்கும் நிரல் ஆபத்தானது; கண்டுபிடிக்கும்போது டேட்டாபேஸில் எத்தனை பதிவுகள் கெட்டிருக்கின்றன என்றே சொல்ல முடியாது.

ஒரே ஒரு பட்டியல், உதாரணமாக மின்னஞ்சல் முகவரிகள் மட்டும் என்றால் இந்த வழி தாராளமாகப் போதும். ஒரு வரிசையில் ஒன்றுக்கு மேற்பட்ட புலங்கள் இருந்தால் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

பெயருக்குள் இடத்தைச் சொல்வது

இப்போது இதே மூவரும் வேறு விதமாக வருகிறார்கள்:

நபர்கள்[0].பெயர்=கயல்
நபர்கள்[0].வயது=31
நபர்கள்[1].பெயர்=மாறன்
நபர்கள்[1].வயது=28
நபர்கள்[1].தங்குமிடம்=ஆன்
நபர்கள்[2].பெயர்=நிலா
நபர்கள்[2].வயது=35
நபர்கள்[2].தங்குமிடம்=ஆன்

எட்டுச் சோடிகளையும் எப்படிக் கலைத்துப் போட்டாலும் யாருக்கு எது என்று குழப்பம் வராது. ஒவ்வொரு பெயரும் தன் இடத்தைத் தானே சொல்கிறது. ஸ்பிரிங் எம்விசி, ஸ்ட்ரட்ஸ் 2, பிளே என்று ஜாவா உலகின் பல ஃபிரேம்வொர்க்குகளும் இந்தச் சதுர அடைப்புக்குறி வடிவத்தைப் புரிந்துகொள்ளும்.

ஸ்பிரிங் இதை எப்படிப் படிக்கிறது என்று ஒரு முறை நிதானமாகப் பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். 'நபர்கள்[1].வயது' என்ற பெயர் வந்ததும், படிவ ஆப்ஜெக்டில் 'நபர்கள்' என்பதற்கான கெட்டரைத் தேடுகிறது. அங்கே லிஸ்ட் இல்லை என்றால் புதிதாக உருவாக்குகிறது. அந்த லிஸ்ட்டில் 1 என்ற இடம் இன்னும் இல்லையென்றால், அந்த இடம் வரைக்கும் வெற்று ஆப்ஜெக்டுகளைப் போட்டு லிஸ்ட்டை வளர்க்கிறது. பிறகு அந்த ஆப்ஜெக்டின் 'வயது' செட்டரை, சரத்தை எண்ணாக மாற்றி, கூப்பிடுகிறது. லிஸ்ட்டைத் தானாக வளர்க்கும் இந்த வசதி இல்லாத காலத்தில், அப்பாச்சி காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் நூலகத்தின் லேஸிலிஸ்ட் என்பதைக் கொண்டு இதையே கையால் செய்தார்கள். பழைய நிரல்களில் அதைப் பார்த்தால் திகைக்க வேண்டாம், நோக்கம் இதுதான்.

மேலே சொன்ன நடைமுறையிலிருந்தே சில தேவைகள் தெரிகின்றன. லிஸ்ட்டில் இருக்கும் கிளாஸுக்கு ஆர்கியுமெண்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் வேண்டும், இல்லாவிட்டால் வெற்று ஆப்ஜெக்டை யாரால் உருவாக்க முடியும்? கெட்டரும் செட்டரும் வேண்டும். லிஸ்ட் என்ன வகையைத் தாங்குகிறது என்று ஜெனரிக்ஸில் எழுதியிருக்க வேண்டும். இன்னொன்று, புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது: கன்ட்ரோலர் மெத்தடில் (படிவத்தை வாங்கும் மெத்தட்) நேரடியாக லிஸ்ட்டையே படிவ ஆப்ஜெக்டாக வாங்க முயல்வது. அது நடக்காது. 'நபர்கள்' என்ற பெயரில் அந்த லிஸ்ட்டை வைத்திருக்கும் ஓர் உறைக் கிளாஸ் வேண்டும். 'பதிவுப்படிவம்' என்று ஒரு கிளாஸ், அதற்குள் நபர்களின் லிஸ்ட். பெயரின் முதல் பகுதி குறிப்பது அந்த உறைக்குள் இருக்கும் புலத்தைத்தான்.

பக்கத்தை வரையும் வேலைக்கு வந்தால், தைம்லீஃப் என்ற ஹெச்டிஎம்எல் டெம்ப்ளேட் கருவியில் லிஸ்ட்டின் மேல் ஒரு லூப் ஓட்டி, லூப்பின் நிலை மாறியிலிருந்து இண்டெக்ஸை (இட எண்ணை) எடுத்துப் பெயருக்குள் வைக்க வேண்டும். அந்த இண்டெக்ஸ் கோவையைச் சுற்றி முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் இடுவார்கள். அதன் பொருள், 'மற்றதைப் பார்க்கும் முன் இதை முதலில் கணக்கிடு' என்பது. அதை விட்டுவிட்டால் எண்ணுக்குப் பதிலாகக் கோவையே பெயருக்குள் நின்றுவிடும், படிவம் பிழையோடு நிற்கும். ஜாவாவின் பழைய பக்க டெம்ப்ளேட் முறையான ஜேஎஸ்பி என்றால் இந்தச் சடங்கு தேவையில்லை, இண்டெக்ஸை நேரடியாகப் போடலாம்.

வரிசையைச் சேர்ப்பது

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 'சேர்' பட்டனும் ஒரு சப்மிட் பட்டனாகவே இருப்பது. அதற்கு 'வரிசைசேர்' என்று ஒரு பெயர் கொடுங்கள். அழுத்திய பட்டனின் பெயர் மட்டும்தான் போகும் என்ற விதி இங்கே உதவுகிறது: 'வரிசைசேர்' என்ற பராமீட்டர் வந்தால் ஒரு மெத்தட், வராவிட்டால் சேமிக்கும் மெத்தட் என்று ஸ்பிரிங்கில் பிரித்துக்கொள்ளலாம். அந்த மெத்தட் செய்வது ஒன்றே ஒன்றுதான். வந்த படிவ ஆப்ஜெக்டின் லிஸ்ட்டில் ஒரு வெற்று நபரைச் சேர்த்து, அதே பக்கத்தைத் திரும்ப வரைவது. இதுவரை தட்டச்சு செய்ததெல்லாம் ஆப்ஜெக்டில் இருப்பதால் எதுவும் தொலையாது. இந்த மெத்தடில் சரிபார்ப்பை இயக்காதீர்கள். இன்னொருவரைச் சேர்க்கக் கேட்டவரிடம், 'முதல் ஆளின் வயது எங்கே' என்று அப்போதே கேட்பது நியாயம் இல்லை.

மற்றொன்று ஜாவாஸ்கிரிப்ட். ஒரு வெற்று வரிசையை டெம்ப்ளேட் என்ற ஹெச்டிஎம்எல் உறுப்புக்குள் வைத்து, தேவைப்படும்போது நகலெடுத்து, பெயரில் உள்ள எண்ணை மாற்றி ஒட்டுவது. பக்கம் புதுப்பிக்கப்படாததால் பயன்படுத்துபவருக்கு இது இதமாக இருக்கும்.

தொடக்கத்தில் இருப்பவர் முதல் வழியையே முதலில் எழுத வேண்டும் என்பேன். காரணம், பிழையோடு வரும் படிவத்தைத் திரும்ப வரையும் வேலை எப்படியும் சர்வரில் இருந்தாக வேண்டும். மூன்று வரிசைகள் அனுப்பி, இரண்டாவதில் பிழை என்றால், மூன்று வரிசைகளும் மதிப்புகளோடு திரும்ப வர வேண்டும். ஜாவாஸ்கிரிப்டை மட்டும் நம்பி எழுதியவர்களின் படிவம், பிழை வந்ததும் ஒரே ஒரு காலி வரிசையோடு திரும்பி வருவதைப் பல இடங்களில் பார்க்கலாம். சர்வர் வழியை முதலில் முடித்துவிட்டால், ஜாவாஸ்கிரிப்ட் அதன்மேல் ஒரு வசதியாக உட்காரும்.

ஜாவாஸ்கிரிப்டில் நகலெடுக்கும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். நேம் மட்டும் மாறினால் போதாது. ஐடி, லேபிளின் ஃபார் பண்பு ஆகியவையும் மாற வேண்டும். இல்லையென்றால் மூன்றாவது வரிசையின் லேபிளைத் தொட்டால் கர்சர் முதல் வரிசைக்குப் போகும். திரைவாசிப்பான் வைத்துப் படிப்பவருக்குப் படிவமே புரியாமல் போகும். ரேடியோ பட்டன்களுக்குப் பெயர் மாறாவிட்டால், எல்லா வரிசைகளும் ஒரே குழுவாகிவிடும், ஒன்றில் தேர்ந்தெடுத்தால் இன்னொன்றில் தேர்வு போய்விடும். அடுத்து, புதிய எண்ணுக்காக 'இப்போது எத்தனை வரிசைகள் இருக்கின்றன' என்று எண்ணாதீர்கள். மூன்று வரிசைகளில் நடுவில் ஒன்றை நீக்கியபின் எண்ணினால் 2 வரும். அந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு வரிசை இருக்கிறது. ஏறிக்கொண்டே போகும், ஒருபோதும் இறங்காத ஒரு தனி எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசையை நீக்குவது

இதுதான் உண்மையில் கடினமான பகுதி. மாறனின் வரிசையைப் பிரவுசரிலேயே நீக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 0, 2 என்ற எண்கள் மட்டும் போகும். ஸ்பிரிங் 2 வரைக்கும் லிஸ்ட்டை வளர்த்தாக வேண்டுமே, அதனால் 1 என்ற இடத்தில் ஒரு வெற்று நபர் வந்து உட்காருவார். பெயர் இல்லை, வயது இல்லை. நீங்கள் கவனிக்காவிட்டால் அந்த ஆவி டேட்டாபேஸுக்கே போய்விடும்.

'அந்த வெற்று ஆப்ஜெக்டுகளை கன்ட்ரோலரில் நீக்கிவிடலாம்' என்று உடனே தோன்றும். ஆனால் வேலிட் என்ற அனோட்டேஷனைப் போட்டிருந்தால், சரிபார்ப்பு உங்கள் மெத்தடுக்குள் நுழையும் முன்பே நடந்து முடிந்துவிடும். 'நபர்கள்[1].பெயர் கட்டாயம்' என்ற பிழை பைண்டிங்ரிசல்ட்டில் (ஸ்பிரிங் பிழைகளைச் சேர்த்து வைக்கும் இடம்) ஏற்கெனவே பதிவாகியிருக்கும். பயன்படுத்துபவரோ தன் திரையில் இல்லாத ஒரு வரிசைக்காகப் பிழை வாங்குவார். சரி, பிழை வந்தபின் லிஸ்ட்டைச் சுத்தம் செய்து திரும்ப வரையலாம் என்றால், பிழைகள் பழைய எண்களோடு கட்டப்பட்டிருக்கின்றன. நிலாவின் வரிசை 2லிருந்து 1க்கு இறங்கிவிடும், அவருடைய பிழை 2லேயே நிற்கும்.

இதற்கு நான் சிபாரிசு செய்யும் ஒழுங்கு இது. படிவம் கிளம்பும் நேரத்தில் பிரவுசரிலேயே எண்களை 0 முதல் வரிசையாகத் திரும்ப எழுதுங்கள். சில வரி ஜாவாஸ்கிரிப்ட்தான். இதனால் இடைவெளியே உருவாகாது. அதோடு நிற்காமல் சர்வரிலும் முழுக்கக் காலியான வரிசைகளை நீக்கும் ஒரு மெத்தட் வையுங்கள், அதன்பிறகு வேலிடேட்டரை நீங்களே கூப்பிடுங்கள். அனோட்டேஷன் வழியாக அது முன்கூட்டியே ஓட வேண்டாம். வயதுக் கட்டத்தில் எழுத்தைப் போட்டால் வரும் வகை மாற்றப் பிழை மட்டும், மதிப்புகளை ஆப்ஜெக்டில் நிரப்பும் பைண்டிங் நேரத்திலேயே பழைய எண்ணோடு பதிவாகிவிடும். பிரவுசரில் எண்களைச் சீராக்கியிருந்தால் பெரும்பாலும் அதுவும் தொல்லை தராது. பயன்படுத்துபவர் நடுவில் ஒரு வரிசையைக் காலியாகவே விட்டிருந்தால்தான் எண் நகரும்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்குப் பிடித்தது. லிஸ்ட்டுக்குப் பதிலாக மேப். 'நபர்கள்[வ7].பெயர்' என்று, வரிசைக்கு ஒரு சாவி. மேப்பில் இடைவெளி என்ற பேச்சே இல்லை. நீக்கினால் அந்தச் சாவி வராது, அவ்வளவுதான். ஸ்பிரிங் மேப்புக்கும் வெற்று ஆப்ஜெக்டைத் தானே உருவாக்கிப் போடும். பிழையும் சாவியோடு கட்டப்படுவதால் இடம் மாறாது. ஒரு நிபந்தனை: மேப்பின் வரிசைமுறை திரையில் இருந்த வரிசைமுறையாக இருக்கும் என்று எண்ணக்கூடாது. முன்பின் முக்கியம் என்றால் அதற்கென்று ஒரு எண் புலத்தை மறைத்து வையுங்கள்.

ஏற்கெனவே சேமித்த பதிவைத் திருத்துவது

இண்டெக்ஸ் அந்த ஒரு பயணத்துக்கான இருக்கை எண் மட்டும். அடுத்த முறை அதே ஆள் வேறு இருக்கையில் இருக்கலாம். ஆள் யார் என்று சொல்ல டேட்டாபேஸ் ஐடி வேண்டும். அதனால் திருத்தும் படிவத்தில் ஒவ்வொரு வரிசையிலும் 'நபர்கள்[0].ஐடி' என்று ஒரு மறைந்த புலம் போகட்டும்.

சர்வரில் மூன்று நிலைகள். ஐடி இல்லாமல் வந்தவர் புதியவர். ஐடியோடு வந்தவர் பழையவர், அவருடைய விவரம் மாறியிருக்கலாம். டேட்டாபேஸில் இருந்து, படிவத்தில் வராதவர் நீக்கப்பட்டவர். வந்த ஐடி இந்தப் பதிவுக்குச் சொந்தமானதுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மறைந்த புலம் என்பது கண்ணுக்குத்தான் மறைவு; யாரும் மாற்றி அனுப்ப முடியும். சரிபார்க்காவிட்டால் ஒருவர் இன்னொருவரின் பதிவைத் திருத்திவிடலாம்.

படிவத்தை ஜேபிஏ என்டிட்டியின் (டேட்டாபேஸ் அட்டவணையோடு பிணைந்த கிளாஸ்) மேலேயே நேரடியாகக் கட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. படிவத்துக்கென்று தனிக் கிளாஸ், பிறகு அதிலிருந்து என்டிட்டிக்கு மாற்றுவது என்று இருக்கட்டும். ஆர்ஃபன்ரிமூவல் (லிஸ்ட்டிலிருந்து எடுத்ததை டேட்டாபேஸிலும் நீக்கும் ஏற்பாடு) போட்ட லிஸ்ட்டை முழுதாக வேறொரு லிஸ்ட்டால் மாற்றி வைத்தால், ஜேபிஏவைச் செயல்படுத்தும் ஹைபர்னேட் பிழை கொடுத்து நிறுத்திவிடும். இருக்கும் லிஸ்ட்டுக்குள்ளேயே சேர்த்தல், நீக்கல் செய்ய வேண்டும்.

திருத்தும் படிவத்தில் செக்பாக்ஸ் மறுபடி தலைகாட்டும். முன்பு டிக் செய்ததை இப்போது எடுத்துவிட்டால் எதுவும் போகாது. 'மாற்றவில்லை' என்பதையும் 'எடுத்துவிட்டேன்' என்பதையும் சர்வர் எப்படிப் பிரித்தறியும்? ஸ்பிரிங் இதற்கு ஓர் அடிக்கோட்டு ஏற்பாடு வைத்திருக்கிறது. '_நபர்கள்[1].தங்குமிடம்' என்று அடிக்கோட்டில் தொடங்கும் ஒரு மறைந்த புலம் கூடவே போகும். அது மட்டும் வந்து, உண்மையான புலம் வரவில்லையென்றால் 'இல்லை' என்று பொருள். ஸ்பிரிங்கின் செக்பாக்ஸ் டேக், தைம்லீஃபின் ஃபீல்ட் பண்பு இரண்டும் இதைத் தாமாகவே எழுதிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் வரிசையைக் கையால் கட்டுபவர்கள்தான் இதை மறக்கிறார்கள்.

கேள்விகளே மாறினால்

இதுவரை பார்த்ததில் வரிசைகளின் எண்ணிக்கைதான் மாறியது, ஒரு வரிசைக்குள் என்ன இருக்கும் என்பது தெரியும். வேறொரு வகை உண்டு. நிர்வாகி ஒரு திரையில் கேள்விகளைத் தானே அமைக்கிறார்: ஒன்று எழுத்து, ஒன்று தேதி, ஒன்று தேர்வுப் பட்டியல். நாளை இன்னொன்று கூட்டுவார். இதற்கு ஜாவா கிளாஸில் புலம் எழுத முடியாது. கேள்விகளின் வரையறை டேட்டாபேஸில் இருக்கும். விடைகளுக்கு ஒரு மேப் போதும். 'விடைகள்[17]' என்றால் 17 என்ற ஐடி கொண்ட கேள்வியின் விடை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். விடைகளைச் செயலாக்கும்போது, வந்த பராமீட்டர்கள் மேல் லூப் ஓட்டாதீர்கள். கேள்விகளின் வரையறை மேல் ஓட்டி, ஒவ்வொரு கேள்விக்கும் 'விடை வந்திருக்கிறதா' என்று மேப்பில் தேடுங்கள். வந்ததன் மேல் ஓட்டினால், கட்டாயக் கேள்வி வராமலே போனதை நீங்கள் கவனிக்க வழியில்லை. யாரோ சேர்த்து அனுப்பிய இல்லாத கேள்வியும் உள்ளே நுழையும். வரையறையின் மேல் ஓட்டினால் இரண்டுமே நடக்காது.

புலத்தின் மேல் ஒட்டிச் சரிபார்ப்பு விதி சொல்லும் பீன் வேலிடேஷன் அனோட்டேஷன்கள் இங்கே உதவாது, ஒட்டுவதற்குப் புலம் இல்லையே. கட்டாயமா, தேதியா, அதிகபட்ச நீளம் என்ன என்பதையெல்லாம் வரையறையிலிருந்து படித்து, பிழை இருந்தால் 'விடைகள்[17]' என்ற அதே பெயரில் பைண்டிங்ரிசல்ட்டின் ரிஜெக்ட்வேல்யூ மெத்தட் மூலம் பதிவு செய்யுங்கள். அப்போது பக்கத்தில் சரியான கேள்வியின் கீழ் பிழை தெரியும்.

ஒரு விடையைப் பொறுத்து வேறு புலங்கள் தோன்றி மறையும் படிவங்களும் இந்தக் குடும்பம்தான். மறைத்த புலமும் போகும் என்பதை நினைவில் வையுங்கள். போகக்கூடாது என்றால் டிசேபிள் செய்யுங்கள். சர்வரில், எந்த விடை எந்தப் புலத்தை அனுமதிக்கிறது என்ற விதியைத் திரும்ப ஒரு முறை எழுதத்தான் வேண்டும்.

விக்கெட், ஜேஎஸ்எஃப் வழி

இந்த இரண்டும் ஜாவா வெப் ஃபிரேம்வொர்க்குகள்தான், ஆனால் வேறு மரபு. பக்கத்தின் உறுப்புகளை ஒரு மரமாகச் சர்வர் பக்கமே அறிந்திருக்கும். பெயர்களை நீங்கள் எழுத வேண்டாம், ஃபிரேம்வொர்க்கே உருவாக்கும். லிஸ்ட்டில் ஓர் உறுப்பைச் சேர்த்தால் வரிசை தானாகத் தோன்றும். மாறும் படிவங்களுக்கு இது நிஜமாகவே வசதியான முறை.

விக்கெட்டில் ஒரு பொறி உண்டு. லிஸ்ட்டை வரிசைகளாக வரையும் லிஸ்ட்வியூ இயல்பாக ஒவ்வொரு முறை வரையும்போதும் தன் வரிசை உறுப்புகளைத் தூக்கிப்போட்டுவிட்டு புதிதாகச் செய்யும். படிவத்துக்குள் இருந்தால், பிழையோடு நின்ற பாதித் தட்டச்சும் பிழைச் செய்தியும் அதோடு போய்விடும். அதனால் படிவத்துக்குள் லிஸ்ட்வியூ வைத்தால் செட்ரீயூஸ்ஐட்டம்ஸ் என்பதை உண்மை என்று வையுங்கள். ஏஜாக்ஸில் (முழுப் பக்கத்தை மாற்றாமல் ஒரு பகுதியை மட்டும்) புதுப்பிக்கும்போது லிஸ்ட்வியூவை நேரடியாகப் புதுப்பிக்க முடியாது. அதைச் சுற்றி ஒரு கன்டெய்னர் வைத்து அதைப் புதுப்பிக்க வேண்டும்.

வாசலில் வைக்க வேண்டிய தடைகள்

'நபர்கள்[99999999].பெயர்' என்று யாராவது கையால் அனுப்பினால்? அத்தனை வெற்று ஆப்ஜெக்டுகளை உருவாக்கப் போய் சர்வரின் நினைவகமே தீர்ந்துவிடும். அதனால்தான் ஸ்பிரிங்கில் மதிப்புகளை நிரப்பும் டேட்டாபைண்டர் லிஸ்ட்டைத் தானாக வளர்ப்பதற்கு 256 என்ற எல்லையை இயல்பாக வைத்திருக்கிறது. உண்மையிலேயே பெரிய படிவம் என்றால் கன்ட்ரோலரின் இனிட்பைண்டர் மெத்தடில் அதை உயர்த்தலாம். தேவையான அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். சர்வராக ஓடும் டாம்கேட்டுக்கும் சோடிகளின் எண்ணிக்கையில் தனியாக ஒரு எல்லை இருக்கிறது, மேக்ஸ்பராமீட்டர்கவுண்ட். பழைய பதிப்புகளில் இயல்பு 10,000, புதியவற்றில் 1,000. ஒரு வரிசைக்குப் பத்துப் புலங்கள் என்றால் நூறு வரிசைகளிலேயே 1,000 தொட்டுவிடும். பல பதிப்புகளில் எல்லைக்கு மேல் உள்ளவை பிழை எதுவும் இல்லாமல் உதிர்ந்துபோகும். 'கடைசிச் சில வரிசைகள் மட்டும் சேமிக்கப்படவில்லை' என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

பெயரை வைத்து ஆப்ஜெக்டுக்குள் நுழையும் முறை, அழைக்காத இடத்துக்குள்ளும் நுழையும். 2022 மார்ச்சில் வெளிவந்த ஸ்பிரிங்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை இந்தப் பெயர்ப் பாதை வழியாகவே வந்தது. 'கிளாஸ்' என்று தொடங்கும் பெயரை அனுப்பி, ஆப்ஜெக்டின் கிளாஸ்லோடர் (கிளாஸ்களை ஏற்றும் பகுதி) வரைக்கும் போக முடிந்தது, ஸ்பிரிங் 5.3.18, 5.2.20 பதிப்புகளில் அதை அடைத்தார்கள். உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது, செட்அலவ்ட்ஃபீல்ட்ஸ் மூலம் அனுமதிக்கும் பெயர்களை மட்டும் பட்டியலிடுவது. 'நபர்கள்[*].பெயர்' என்று நட்சத்திரம் போட்டு எழுதலாம். படிவத்துக்கெனத் தனிக் கிளாஸ் வைத்திருந்தால் 'நிர்வாகியா' போன்ற புலங்கள் அங்கே இருக்கவே போவதில்லை என்பதும் ஒரு பாதுகாப்பு.

வேலை செய்யவில்லை என்றால்

ஜாவா நிரலைத் திறக்கும் முன் பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, படிவம் அனுப்பிய சோடிகளைப் பாருங்கள். நீங்கள் எதிர்பார்க்கும் பெயர் அங்கே இல்லையென்றால் குறை வெப் பக்கத்தில் இருக்கிறது: நேம் இல்லை, டிசேபிள் ஆகியிருக்கிறது, அல்லது நகலெடுத்த வரிசை ஃபார்ம் டேக்குக்கு வெளியே ஒட்டப்பட்டிருக்கிறது. பெயர் சரியாகப் போயும் ஆப்ஜெக்டில் நல் (மதிப்பே இல்லை) என்றால் செட்டரையும் எழுத்துக்கூட்டலையும் பாருங்கள். ஸ்பிரிங் தனக்குத் தெரியாத பெயரைப் புகார் சொல்லாமல் தள்ளிவிடும். இரண்டும் சரியாக இருந்து சேமிப்பதில் தவறு நடந்தால், தேட வேண்டியது படிவத்திலிருந்து என்டிட்டிக்கு மாற்றும் இடத்தில்.

ஸ்பிரிங்கின் சோதனைக் கருவியான மாக்எம்விசி கொண்டு டெஸ்ட் எழுதும்போது நேர்த்தியான 0, 1, 2 மட்டும் அனுப்பிப் பார்த்தால் போதாது. 0, 2 என்று இடைவெளியோடு ஒன்று, டிக் இல்லாத செக்பாக்ஸோடு ஒன்று, வேறு பதிவுக்குச் சொந்தமான ஐடியோடு ஒன்று, 300 என்ற இண்டெக்ஸோடு ஒன்று என நான்கையும் சேர்த்து எழுதுங்கள்.